அவன் ஹிந்தியில் சொன்ன ‘பக்கா’

போர்ட் பிளேரின் மரைன் ஹில் இறக்கத்தில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பிடித்தேன். எங்கள் இருவரின் பாரமும் என் கைகளில் இறங்க, ஹேண்டில் அப்படியே முன்பக்கமாகச் சுழன்று சாய்ந்துவிட்டது. பிரேக் லிவர் விரலுக்கு எட்டாமல் போனது. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி இரண்டு ஆட்டம் ஆடி, ஓரத்துச் சாக்கடைத் திட்டில் உரசி நின்றது.

மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. டிபன் டப்பா திறந்து எலுமிச்சைச் சோறு ரோட்டில் கொட்டிக் கிடந்தது. அவள் அழவில்லை.

“அப்பா, நேத்துதானே சரி பண்ணிட்டு வந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுதான். சரி பண்ணியவன் ஜங்லிகாட்டில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் நண்பன். இருவருக்கும் ராமநாதபுரம் பக்கம். ஒரே கப்பலில்தான் வேலை தேடி இந்தத் தீவுக்கு வந்தோம். கடல் ஒத்துக்கொள்ளாமல் நான் வாந்தி எடுத்தபோது என் தலையைப் பிடித்துக்கொண்டவன் அவன்.

போர்ட் பிளேரில் வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லாருக்கும் பொதுவான பேச்சு ஹிந்தி. கடைக்கு வருகிறவர்களிடம் அவனும் ஹிந்திதான். என்னிடம் மட்டும் தமிழ். “ஏன்டா, இந்த வண்டிய இன்னும் கடல்ல தள்ளலையா?” என்றுதான் வரவேற்பான்.

முந்தின நாள், ஹேண்டில் லேசாக அசைகிறது என்று அவனிடம் வண்டியை விட்டிருந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. துணியில் கையைத் துடைத்தபடி, “ஹோ கயா பாய். பக்கா ஹை” என்றான். முடிந்தது அண்ணே, உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம். என்னை ‘டா’ போடுகிறவன் அன்றைக்கு ‘பாய்’ என்றான். பிள்ளைகளே, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசியிருக்கிறான். நானோ தலையாட்டிவிட்டு வந்தேன்.

மகளை நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே சாத்தம் போகும் வழியிலுள்ள ஒரு லேத் கடைக்குப் போனேன். ஹேண்டில் என்பது வளைந்த ஒரு குழாய்தான். அதன் மேல் இரண்டு கிளாம்புகளை வைத்து நான்கு போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. லேத் கடைக்காரர் ஸ்பேனரை வைத்தார். ஒரு போல்ட்டின் தலை திருகாமலே கழன்று அவர் கையில் வந்தது. அடியில் பசை காய்ந்திருந்தது.

“போல்ட் நஹி பாய், டோப்பி ஹை” என்று சிரித்தார். இது போல்ட் இல்லை, தொப்பி.

உடைந்த போல்ட்டின் உடம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. கிளாம்புக்குள் விரலைவிட்டுப் பார்த்தவர், “கிரீஸ் கிஸ்னே லகாயா?” என்றார். யார் பூசியது என்று கேட்டார். பூசியது நான்தான். இங்கே உப்புக் காற்றுக்குப் பயந்து கேட் தாழ்ப்பாள் வரை எல்லா இரும்பிலும் கிரீஸ் பூசுவோம். பிடிமானம் வேண்டிய இடத்திலும் பூசியிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது, மறைக்கவில்லை.

போல்ட் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பனிடம் போனேன். அவன் முன்னால் வைத்தேன்.

“அரே பாய், தேகோ…” என்று, ‘இங்கே பாருங்க அண்ணே’ என்கிற மாதிரி, ஹிந்தியில் தொடங்கினான்.

“தமிழ்ல சொல்லு.”

போல்ட் தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “உடைஞ்சிருச்சுடா. துருப்பிடிச்ச போல்ட்டு, முறுக்குனேன், தலை கையோட வந்துருச்சு. பசை போட்டு ஒட்டிவச்சேன். கப்பல் வந்தா புதுசு வரும், மாத்திவிட்டுரலாம்னு நெனச்சேன்.”

“உடைஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பஸ்ல போயிருப்பேன்.”

“நாந்தான் உடைச்சேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

“காலைல புள்ளையோட போவேன்னு ஒனக்குத் தெரியும்.”

அவன் குனிந்து, தரையில் கிடந்த ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினான்.

புதுப் போல்ட்டுகள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும்வரை நாங்கள் பஸ்ஸில் போனோம். வந்ததும், உடைந்த துண்டை லேத் கடைக்காரர் துளை போட்டு எடுத்தார். ஒன்று போனாலும் நான்கையும் மாற்றினோம், எல்லாம் ஒரே நீளம், அந்த வண்டிக்கே உரியவை. குழாயையும் கிளாம்பையும் கிரீஸ் போகத் துடைத்துக் காயவிட்டோம். வழுக்காமல் இருக்கட்டும் என்று சிலர் இடையில் ரப்பரோ தகரமோ வைப்பார்கள், அது கூடாது. குழாயில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். அது கிளாம்பின் விளிம்புக்கு நேராக வந்தால்தான் ஹேண்டில் சரியான சாய்வில் நிற்கும். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். எதை முதலில் இறுக்குவது, எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்த அளவைக் காட்டும் ஸ்பேனர் லேத் கடைக்காரரிடம் இருந்தது. கை பலத்தை நம்பி முறுக்கினால் போல்ட் உடையும், இல்லாவிட்டால் மரை தேயும். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் எதுவும் இழுபடவில்லை என்று பார்த்தோம். நான்கு நாள் ஓட்டியபின் இன்னொரு முறை சரிபார்த்தேன். இது பெரியவர்கள் செய்கிற வேலை. ஆனால் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு உங்களுக்கு வயது தேவையில்லை.

என் மகள் கேட்டாள். வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏற மறுத்தாள்.

“இப்ப பக்காவாப்பா?”

அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. “நீயே அமுக்கிப் பாரு” என்றேன்.

நான் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஹேண்டிலின் ஒவ்வொரு பக்கமாகத் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். அசையவில்லை. பிறகுதான் ஏறினாள்.

இப்போதும் ஏறுமுன் தினமும் அமுக்கிப் பார்க்கிறாள். நான் அவசரப்படுத்துவதில்லை. ஜங்லிகாட் வழியாகப் போகும்போது நண்பன் கடை வாசலில் நின்று, “டேய், நில்லுடா” என்று தமிழில்தான் கூப்பிடுகிறான். கையைத் தூக்கிக் காட்டுகிறான். நான் நிறுத்துவதில்லை. என் இரண்டு கைகளும் ஹேண்டிலிலேயே இருக்கின்றன.