எலுமிச்சையின் முறை

எதிர்வீட்டுப் பெண் நேற்று மாலை கதவைத் தட்டினாள். தொட்டியில் வைத்திருக்கும் எலுமிச்சைச் செடி வெயிலில் இலை சுருண்டுபோகிறதாம். தெரிந்ததைச் சொன்னேன். வெயில் தாழ்ந்தபின் தண்ணீர் விடு, அடியில் காய்ந்த இலையைப் பரப்பு, மேலே ஈரச்சாக்கு கட்டு. பலகையைப் பற்றிச் சொல்லவில்லை.

பலகை என்றால் குளிக்கிற பலகை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் வீடு குருவிநத்தத்தில் இருந்தது. கத்திரி வெயில் பிறந்தால் ஆறு வெறும் மணல். கிணறு காலையில் நாலைந்து குடம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். குளித்தால் செடிக்கு இல்லை, செடிக்கு ஊற்றினால் குளிக்க இல்லை. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பலகையைத் தினம் ஒரு செடியின் பக்கத்தில் போட்டு, எல்லோரும் அங்கேதான் குளிக்க வேண்டும். ஒருநாள் கறிவேப்பிலை, ஒருநாள் மருதாணி, ஒருநாள் எலுமிச்சை. மறைப்புக்குக் கட்டும் ஓலைத்தட்டியும் கூடவே ஊர்வலம் போகும். யார் முறை என்று நினைவு வைத்துக்கொள்வது என் வேலை. பதினாலு வயதில் எனக்கு அது கவர்னர் உத்தியோகம்.

சீயக்காய்தான் தேய்க்கலாம், சவுக்காரம் கூடாது. ஒருமுறை அப்பா புதுச்சேரியிலிருந்து வாசனைச் சவுக்காரம் வாங்கிவந்து மருதாணிக்குப் பக்கத்தில் ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்தாள். "செடி இருக்கணுமா, சாவணுமா? சொல்லிடுங்க." அப்பா சவுக்காரத்தை எறவாணத்தில் செருகியவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. அந்த வாசனை மட்டும் ரொம்ப நாள் கூரையில் இருந்தது.

அப்பா பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், சேவகர். காலையில் துண்டும் தோளுமாக வந்து நின்று கேட்பார், "இன்னாடி, இன்னிக்கு யாரு முறை?" எலுமிச்சை என்றால் அவருக்கு முகம் மலரும். கரியமாணிக்கத்திலிருந்து வாழை மட்டையில் சுற்றி, வெயிலில் நடந்தே கொண்டுவந்த கன்று அது. முதல் பழத்தைப் பிழிந்து, வெல்லம் போட்டு, தான்தான் குடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் கத்திரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார் வைத்தியர். வீட்டில் வேறு யாருக்கும் குளிக்க நேரமில்லை; கிணறு கொடுத்த தண்ணீர் அவர் துணி அலசவும் கஞ்சிக்குமே சரியாகிவிட்டது. பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன், போதவில்லை. எலுமிச்சை இலை சுருண்டு, நுனி கருகிவிட்டது. அப்பா எப்போது எழுந்து குளிப்பார் என்று எனக்கு ஒரே கவலை. அவருக்காக இல்லை, செடிக்காக. இதை யாரிடமும் சொன்னதில்லை.

"எலுமிச்ச எப்டிகீது?" என்பார் படுத்தபடியே.

"நல்லாகீதுப்பா."

ஒரு விடியற்காலையில் அவர் போய்விட்டார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சொந்தக்காரர்கள் குடம்குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சித்தப்பா பலகையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்கம்மா போடறது?"

"எலுமிச்சகிட்ட. அதுக்குத்தான் முறை" என்றேன்.

வாயில் தானாக வந்தது. அத்தை, "இன்னாடி பேசற நீ?" என்று கையை ஓங்கினாள். உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "அவ சொன்ன எடத்துலயே போடுங்க."

சீயக்காய் வாசனை தெருவரை அடித்தது. அந்தக் கோடை முழுவதும் அந்தச் செடி அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் தண்ணீர் செடியின் தூரைவிட்டு வெளியே ஓடாமல் காலால் மண்ணை அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

காரியம் முடிவதற்குள் செடி தளிர் விட்டது. இரண்டு வருஷத்தில் காய்த்தது. பிணம் கழுவிய தண்ணீர் குடித்த மரம் என்று அக்கம்பக்கத்தில் யாரும் பழம் வாங்கவில்லை. முதல் பழத்தை அம்மா பிழிந்து, வெல்லம் போட்டு, என்னிடம் நீட்டினாள். குடித்தேன். புளிப்பாக இருந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

அம்மா இல்லை, வீடு கைமாறிவிட்டது, மரத்தை வெட்டி அங்கே மோட்டார் ரூம் கட்டிவிட்டார்கள். இங்கே நான் குளிக்கிற தண்ணீர் ஓட்டை வழியாகக் குழாய்க்குள் போகிறது. எங்கே போகிறதென்று தெரியாது. துண்டை எடுக்கும்போது சில நாள் சும்மா நிற்பேன். இன்றைக்கு யார் முறை என்று என்னைக் கேட்க ஆளில்லை.