முருகேசனுக்கு உடம்பு சரியில்லை

“முருகேசன்... முருகேசன் யாருங்க?”

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார்.

“நான்தாங்க.”

போன வாரம் எங்கள் ஹால் மொத்தமும் சிரித்தது. நானும்தான்.

இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். விருத்தாசலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அப்பாயின்ட்மென்ட் எழுதுகிறேன். போன் வரும். பேர், வயசு, ஊர் கேட்டு நோட்டில் எழுதி, டோக்கன் நம்பர் சொல்வேன். சின்ன வேலைதான். ஆனால் டாக்டரைவிட எனக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயப்படுகிறார்கள்!

இந்த முருகேசனை நோட்டில் எனக்கு நன்றாகவே தெரியும். கம்மாபுரம் பக்கம். மூன்று வாரமாக அவர் மனைவி வசந்தா போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்குவார். மறுநாளே கேன்சல் செய்வார். வசந்தாவுக்கு ஃபியூஸ் கட்டை செய்கிற பீங்கான் கம்பெனியில் வேலை. சூளை பிரிக்கிற நாள், லோடு ஏத்துற நாள் என்று ஏதாவது ஒரு காரணம். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்மா, வூட்டுக்காரர் உடம்பு மேல கொஞ்சமாவது அக்கறை இருக்குதா உனக்கு?”

அடுத்த வாரத்துக்கு மறுபடியும் ஒரு டோக்கன் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வசந்தாதான் இப்போது என் மேஜை முன்னால் மூச்சு வாங்க நிற்கிறார். புடவையெல்லாம் வெள்ளை மண். முகமும் கிட்டத்தட்ட அதே நிறம்.

“அவரு எங்கே?”

“மினி லாரி ஓட்டப் போயிருக்காருங்க. அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்... மூணு மாசமா ரத்தப்போக்கு நிக்கல.”

“அப்புறம் எதுக்கு அவர் பேரு?”

“எனக்கு முடியலன்னா, ‘வூட்டுலயே இருந்துக்கோ, வேற ஆளப் போட்டுக்குறோம்’னுடுவாங்க. வூட்டுக்காரருக்கு முடியலன்னாதான் லீவு. அதுக்கும் ஆஸ்பத்திரி சீட்டுல அவரு பேரு இருக்கணும். அரை நாள்தான் கேட்டிருக்கேன்... சீக்கிரம் அனுப்பிடுங்கக்கா.”

நான் போனில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. தலை நிமிர முடியவில்லை.

டாக்டரம்மா அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். உடனே அட்மிஷன், ரத்தம் ஏற்ற வேண்டும், பத்து நாளாவது ரெஸ்ட். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாதாம்.

வசந்தா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “கம்பெனிக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கக்கா. வேலை போயிடக் கூடாது” என்றார்.

என்ன சொல்வது? எனக்குப் பொய் பழக்கமில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் — தினமும் பத்துப் பேரிடம் ‘டாக்டர் வந்துட்டே இருக்காங்க’ என்று சொல்கிற வாய் இது.

“சார், முருகேசனுக்கு ரத்தம் ஏத்துறோம். சம்சாரம் பத்து நாள் கூட இருக்கணும்.”

போனில் கம்பெனி சூப்பர்வைசர் பதறிவிட்டார். “அடடா! குடும்பத் தலைவராச்சேம்மா. இருக்கட்டும், இருக்கட்டும்.”

பிரச்னை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் சாயங்காலம் அந்த மனுஷன் ஒரு பை நிறைய ஆப்பிளோடு நேரிலேயே வந்து நின்றார்!

“விசிட்டர் டைம் முடிஞ்சுதுங்க சார்...”

“ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேம்மா.”

நான் பின்னாலேயே ஓடினேன். கட்டிலில் வசந்தா, கையில் ஊசியோடு. பக்கத்தில் ஸ்டூலில் முருகேசன், பன்னை டீயில் தொட்டுக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் ரத்த பாட்டிலைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகப் போய் பையை முருகேசன் கையில் கொடுத்தார்.

“உடம்பப் பாத்துக்குங்க முருகேசன். உங்க சம்சாரம் பத்து நாளும் கூடவே இருக்கட்டும். முதலாளிகிட்ட நான் அப்படித்தான் சொல்லப்போறேன்.”

அதுவரை அழாத வசந்தா அப்போதுதான் அழுதார்.

ஆப்பிளை யார் சாப்பிட்டது என்கிறீர்களா? முருகேசன்தான்... பேஷன்ட் அவர்தானே!