ஆர்கெஸ்ட்ராவைக் காக்க வைத்த கரடிகள்

காணும் பொங்கலன்று காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முதல் நாள் மாலை கோத்தகிரியில் கிளம்பிய பயணம். தோளில் ஒரு பை, கையில் துண்டு சுற்றிய பொட்டலம். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் கரடிகளை ஆராய்வது என் வேலை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் விழா மேடையில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லி இளைஞர் மன்றத்தினர் அழைத்திருந்தார்கள்.

திருவாரூர் வண்டியில் கால் வைக்க இடமில்லை. மன்னார்குடி சுற்றிப் போனேன். மன்னார்குடிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வடுவூர் ஏரி முழுக்கப் பறவைகள். அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் முற்றிய சம்பா. துண்டு விலகிப் பொட்டலத்தின் ஓரம் தெரிய, கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சாமி பாதமா?"

"இல்லண்ணே, கரடிப் பாதம். மண்ணுல பதிஞ்ச தடத்துல பிளாஸ்டர் மாவக் கரைச்சு ஊத்தி எடுத்தது."

"காலங்காத்தாலயே கரடி விடாதீங்க!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பழகிவிட்டது, அம்மாவுக்குத்தான் பழகவில்லை. எங்கள் தெருவில் படித்து வெளியூர் போன பெண்கள் நர்ஸ், டீச்சர் என்று இருக்கிறார்கள். என்னைப் பற்றி யாராவது கேட்டால், அம்மா "மலை மேல ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

மன்னார்குடியில் டீ, திருவாரூரில் வண்டி மாற்றம், கீழ்வேளூரிலிருந்து மினி பஸ். வீடு சேரும்போது உச்சி வெயில். அம்மாவின் குத்தகை நிலத்தில் அறுப்பு முடிந்திருந்தது.

"மேடையில அதப் பத்தித்தான் பேசப் போறியா?" பொட்டலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆமாம்மா."

"சுருக்கா முடிச்சிரு. சனம் ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் வருது."

மாலை ஆறரைக்கு மைக் பிடித்த மன்றச் செயலாளர், "இப்ப நம்ம ஊரு அக்கா கரடி விடுவாங்க!" என்று அறிவித்தார். விசில் பறந்தது. முன்வரிசைப் பாயில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு, பாதத்தை எடுத்துக் கூட்டத்துக்குள் கொடுத்தேன். கை மாறி மாறிப் போனது. "மனுசக் காலாட்டம்ல இருக்கு!" என்றது ஒரு குரல். சலசலப்பு அடங்கியது.

உலகத்தில் எட்டு வகைக் கரடிகள் என்று தொடங்கினேன். பனிக்கரடித் தாய் பனிக்குழிக்குள் குட்டி ஈன்று, மாதக்கணக்கில் ஒரு வாய் தின்னாமல் பால் கொடுப்பதைச் சொன்னபோது பெண்கள் பக்கம் 'ச்சு' கொட்டினார்கள். பழுப்புக் கரடி ஆற்றில் நின்று துள்ளும் மீனைக் கவ்வுவது, தென் அமெரிக்க மலைக் கரடி கிளைகளை ஒடித்து மரத்திலேயே பரண் போட்டுக்கொள்வது, பாண்டா பொழுதெல்லாம் மூங்கில் தின்பது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நம் காட்டுக் கரடி. கரையான் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, ஒரே உறிஞ்சாக உறிஞ்சும். அந்தச் சத்தத்தை மைக்கில் போட்டுக் காட்டினேன்.

"இன்னொரு வாட்டி!" என்று கூட்டம் கத்தியது.

அப்போது ஆர்கெஸ்ட்ரா வேன் வந்து நின்றது. செயலாளர் முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "மீதிய அடுத்த வருஷம் சொல்றேன்" என்று மைக்கை நீட்டினேன்.

"இருங்க தம்பி!" பக்கத்து வீட்டு சரோஜா அத்தை எழுந்துவிட்டாள். "பாட்டு எங்க போயிரும்? குட்டிய எப்படி வளக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்று நாலா பக்கமும் குரல்கள். கீபோர்டைத் தூக்கி வந்தவர்களும் மேடையோரம் நின்றுவிட்டார்கள்.

நம் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் அலையும் என்றேன்.

"புலி வந்தா?" அம்மாவின் குரல். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"முதுகுல குட்டியோடயே எழுந்து நின்னு கத்தும்மா. புலியே பின்வாங்குறது உண்டு."

கைதட்டல், விசில். டிரம்ஸ்காரர் அங்கேயே ஓர் உருட்டு உருட்டினார். பத்து நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனது. எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். இப்படிப் பூரித்துப்போய் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

மறுநாள் காலை மினி பஸ்ஸுக்காக நின்றேன். கோத்தகிரியில் எந்த வளைவுக்குப் பின்னால் என்ன நிற்கும் என்று தெரியாது. இங்கே வயல் கடந்து வருகிற ஆளைத் தொலைவிலேயே பார்த்துவிடலாம். அம்மா வந்துகொண்டிருந்தாள், கையில் துணிப்பையோடு.

"உளுந்து விதைச்சாச்சு. பத்து நாளைக்கு இங்க எனக்கு என்ன வேலை?"

பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஏறினாள். உள்ளே இருந்த பெண்கள் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார்கள்.

"எம்பொண்ணு கூட," என்றாள் அம்மா, டிரைவருக்கும் கேட்கும்படி. "கரடி பாக்க."