தேய்த்தால் போய்விடும்

ஸ்கேலை வாயில் கவ்வியபடியே பேசுவார். கேட்பவருக்குப் பாதி புரியாது. திட்டு மட்டும் தெளிவாகப் புரியும். துணியைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, கட்டம் கட்டமாக இணைத்து, தையல் போகவேண்டிய வழியைப் பூவும் அலையுமாக மேலே கோடு கிழித்துப் போர்வை செய்வது அவர் தொழில். ஓரத்தில் தையலுக்கு விடும் கால் இஞ்சில் ஒரு நூல் குறைந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவார். தெருவே அவரைக் ‘காலிஞ்சக்கா’ என்கிறது. வீட்டுக்காரர் சட்டையில் மேல் பித்தான் போய் இரண்டு வருடமாகிறது. அது வேறு இலாகா.

கோடு கிழிக்க ஒரு பேனா வைத்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் மை மாயமாகிவிடும். கோட்டோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. வேலை நேரத்தில் யார் நினைப்பு வந்தாலும் அவரைப் பற்றி அந்தத் துண்டிலேயே ஒரு வரி எழுதிவிடுவார். பல் டாக்டரின் கஞ்சத்தனம் பல் டாக்டர் வீட்டுப் போர்வையிலேயே பதிவாகி மறைந்திருக்கிறது.

“வாயில சொன்னாத்தானே சண்டை. இது பொட்டி போட்டா போயிடும்” என்பார்.

மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. முதல் மாதம் கூடவே இருக்க ஆசை. மகள் இருப்பதோ மாமியார் வீட்டில். மீன் கடை நடத்தும் அந்தச் சம்பந்தியம்மா ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த வார்த்தைக்காகவே தொட்டில் போர்வை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்பினார்.

போன சனிக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா அந்தப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“பூச்சி கீச்சி இருக்கும்னு ரெண்டு நாள் மீன் ஃப்ரீசர்ல போட்டு வச்சேன், சம்பந்தி.”

“என் போர்வையில பூச்சியா?” ஸ்கேல் வாயிலிருந்து விழுந்தது.

“பூச்சி இல்ல. எழுத்து இருந்துச்சு.”

கடுங்குளிரில் அந்த மை திரும்பி வரும் என்பது பேனா விற்றவன் சொல்லாத சங்கதி. மேசையில் விரித்த போர்வையில், மஞ்சள் முக்கோணத்தில், பளிச்சென்று நின்றது. கடையில் விலை கூவும் குரலில் சம்பந்தியம்மா வாசித்தார்: “இந்த மூலை சம்பந்தி வாய் மாதிரி. மூடவே மாட்டேங்குது.”

உள்ளே வீட்டுக்காரர் இருமினார். அது சிரிப்பு என்பது இருவருக்கும் தெரியும்.

“நான் மூலையத்தான் சொன்னேன்” என்றார் காலிஞ்சக்கா.

“சரி, மூடிச்சா?”

“முனைக்கு முனை உக்காந்துடுச்சு. பாருங்க.”

சம்பந்தியம்மா குனிந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். குறை அகப்படவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“பேனாவ எடுங்க. ஒரு மாசம் என் வீட்ல வந்து உக்காரப்போறீங்க. அதுக்கு முன்னாடி என் பங்கையும் எழுதிடறேன்.”

பக்கத்து வெள்ளைக் கட்டத்தில் மடமடவென்று எழுதினார். ‘இந்தம்மாவுக்குக் கையில அளவு இருக்கு, வாயில இல்ல’ என்று ஓடிய வரி பாதியிலேயே கீழ்நோக்கிச் சரிந்தது. காலிஞ்சக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. கீழே கிடந்த ஸ்கேலை எடுத்து, உள்ளங்கையில் துடைத்து, எழுதும் கைக்குக் கீழே மெல்ல நகர்த்தி வைத்தார்.