அசிசியார் கழற்றிய சால்வை

பிரான்சிஸ் அசிசியாரின் திருநாளன்று, நான் இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரான வெக்ஸ்போர்ட்டில் பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றோம். அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றும், உடுத்த உடுப்பையும் கழற்றித் தகப்பனிடம் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டவர் என்றும் சுவாமியார் சொன்னார். அவரை எனக்குத் தெரியும், அது என் அப்பா என்று சொல்ல வாய் உன்னியது. நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கதை வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் எழுதுகிறேன்.

அப்பா எங்கள் ஊர்ச் சம்மாட்டியாரின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். வள்ளமும் வலையும் சம்மாட்டியாருடையவை. அப்பாவிடம் நல்ல குரல் இருந்தது. நான் சின்னப்பிள்ளையாயிருந்த ஒரு வருடம் கோயில் கூத்து அசிசியார் கதை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அசிசியாருக்கு அப்பாவைப் போட்டார். செலவைப் பொறுப்பெடுத்தவருக்குப் பெரிய வேஷம் கொடுப்பது எங்கள் வழக்கம் என்பதால், புடைவை வியாபாரியான தகப்பன் வேஷம் சம்மாட்டியாருக்கு. பாட்டு வராது, மீசையும் வயிறும் இருந்தன. மகனாக வரும் அப்பா போர்க்கத் தன் கலியாணத்து வெள்ளைப் பட்டுச் சால்வையையும் தந்திருந்தார்.

அடுத்த மாதம் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குப் போட வெள்ளைச் சட்டை இல்லை. அம்மா இரவல் கேட்டுப் போன வீடுகளிலும் கிடைக்கவில்லை.

திருநாள் பின்னேரம் முன்பாயில் இருந்தேன். அப்பா பாடிக்கொண்டே சால்வையைக் கழற்றித் தகப்பனின் காலடியில் போட்டார். உள்ளே அம்மா தைத்த சாக்குச் சட்டை. சனம் அழுதது. வேண்டாமென்று எறிந்த பட்டை ஒருவரும் எடுக்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ஓடிப்போய் மேடையில் ஏறி அதை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆற்றை பெட்டையடா உது? இறக்குங்கோ!" என்று அண்ணாவியார் கத்தினார்.

"அசிசியாற்றை பெட்டைதான்!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அழுத சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சம்மாட்டியார் வேஷத்தை மறந்து கையை உயர்த்தினார். "விடுங்கோ. பிள்ளை நன்மைக்குச் சட்டை தைக்கட்டும். நான் குடுத்ததெண்டு இருக்கட்டும்."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். கைதட்டும் கிடைத்தது.

அப்பா எனக்குக் கிட்ட வந்து குந்தினார். "தா குஞ்சு. உது எங்கடையில்லை" என்று மெல்லச் சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். சால்வையை மடித்துச் சம்மாட்டியாரின் கையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, கூத்துக் கொப்பியில் இல்லாத ஒரு வரியைப் பாடினார்: "உம்முடையதைப் பாரும் தந்தையே, ஒரு நூலும் குறையவில்லை." மத்தளக்காரர் ஒருகணம் தடுமாறித்தான் அந்தப் பாட்டைப் பிடித்தார்.

மாச்சாக்கை வெளுத்து அம்மா தைத்த சட்டையோடு நன்மை எடுத்தேன். அதுவரை அப்பாவோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விடிந்தால் அதே மனிதரின் வள்ளத்தில் ஏற வேண்டியவர், ஊர் பார்த்திருக்க அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றார். அப்படிச் சொன்ன வேறொருவரை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கைக்கு வந்த பட்டை அப்பா பறித்துவிட்டார் என்பதுதான்.