வாசலில் நின்ற படகு

எங்கள் வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் போதாது. அங்கே ஒரு ஃபைபர் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார் அப்பா. படப்பையில் எங்களுக்கு வாய்த்தது தாழ்வான மனைதான். அதற்காக வாசலில் படகா என்று தெருவே சிரித்தது. "கப்பல் எப்ப கெளம்புது?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். ஒரகடத்துக் கார் கம்பெனியில் ஷிஃப்டும் முடித்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு வருகிற அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெம்பு ஏது?

படகு வருவதற்கு முன்பு வந்த பெருவெள்ளத்தன்று அவர் கம்பெனியில் மாட்டிக்கொண்டார். சின்னப் பிள்ளையாக இருந்த என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அம்மா கழுத்தளவு தண்ணீரில் தனியாக நடந்தாள். தண்ணீர் வடிந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவர் படகு வாங்கியிருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. கோவளம் பக்கம் பழையதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவளோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத்துணியைக்கூட அதன்மேல் போட்டதில்லை.

அவசரத்துக்கு இழுத்துப்போக வேண்டுமே என்று, பழைய இரும்பில் அப்பாவே ஒரு டிரெய்லர் அடித்தார். நடுவில் வரிசையாக ரோலர், இரண்டு பக்கமும் ரப்பர் சுற்றிய தாங்குகட்டைகள். கம்பெனி லைனில் எதையும் அசையாமல் இறுக்கிப் பிடித்தே பழகிய கை அது. போல்ட்டை முறுக்கி முறுக்கிக் கட்டைகளை ஏற்றி, படகை இருபுறமும் கவ்வ வைத்துவிட்டார். உலுக்கிப் பார்த்தார், அசையவில்லை. பரம திருப்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதனடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். ரோலருக்கும் படகுக்கும் நடுவே துடைப்பம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. குனிந்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினாள்.

"நடுவுல காலியா கீதே. அப்ப வெயிட்டு மொத்தம் எங்க நிக்குது?"

படகைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு. அப்பா ஓடிவந்து குனிந்து பார்த்தார். ரோலர் தாங்க வேண்டிய எடை முழுவதும் பக்கத்துக் கட்டைகள்மேல் நின்றது; அவை அழுத்திய இடங்களில் படகின் பக்கம் உள்வாங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரிசல்தான். அம்மா ஒரு ஈர்க்குச்சியை அந்த இடுக்கில் விட்டு விட்டுப் பார்க்க, அப்பா போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். குச்சி நுழைய இடமில்லாமல் படகின் அடித்தண்டு ரோலர்மேல் உட்கார்ந்ததும், சாயாமல் இருக்கப் பக்கத்துக் கட்டைகளைச் சும்மா தொடும்படி வைத்தார்.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். என்னையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். படகு ஆடவில்லை.

"அன்னிக்கி நான் எப்டியாவது வந்துருக்கணும்" என்றார் அப்பா, கீழே நின்றபடி.

"வுடுங்க. வந்திருந்தா நீங்களுந்தான் தண்ணில நின்னுகினு இருப்பீங்க."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன்.

எனக்கு அலுத்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை வெள்ளம் என்பது அம்மாவின் தோள்சவாரி. கீழே தண்ணீரைப் பார்க்க விடாமல் வழியெல்லாம் அவள் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். நிறுத்தவே இல்லை.

"மறுபடி எப்பம்மா தண்ணி வரும்? அந்தக் கதைய மிச்சம் சொல்லணும்ல?" என்றேன்.

அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்த போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கதை ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரியாது.