ஓரத்து நட்சத்திரங்களுக்கு மணப்பெண் தந்த டேட்டா

என் வாய்மொழித் தேர்வு நடந்த அன்று காலை, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரம் முறிந்து லைனில் விழுந்து கரண்ட் போய்விட்டது. கூடவே சிக்னலும் போனது. நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். பள்ளி விட்டு வந்து, வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன் ஆன்லைனில் பேசிக் கரையேற்ற வேண்டிய நாள் அது. மடிக்கணினியை ரெயின்கோட்டுக்குள் கட்டிப்பிடித்தபடி, கிடைத்த ஓட்டோவில் ஏறி அக்காவின் கடைக்குப் பறந்தேன்.

அக்கா பஜாரில் ஒரு மாடியறையில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். நான் நுழைந்தபோது நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணுக்கு மை போட்டு முடிந்திருந்தது. மற்றக் கண் வெறுமையாக என்னைப் பார்த்தது.

"இங்கயா? இன்னைக்கா?" என்றாள் அக்கா. "முகூர்த்தம் இருக்குடி இந்தப் பொண்ணுக்கு!"

"ஒரு மூலை போதும்க்கா. மூச்சுக்கூட விடமாட்டேன்."

மூலை கிடைத்தது. ஆனால் என் சிம்முக்கு அந்த மாடியில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. நான் அழப்போகிற முகத்தோடு போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "எங்கிட்ட ஃபுல் சிக்னல் இருக்கு டீச்சர். என் போன்ல போடுங்க. டேட்டா நெறைய கெடக்கு."

அவளுடைய போனிலிருந்து மடிக்கணினிக்கு நெட் எடுத்துக்கொண்டு நான் தேர்வுக்குள் நுழைந்தேன்.

என் ஆய்வு, மிகப் பெரிய நீள்வட்ட விண்மீன் மண்டலங்களின் ஓரத்தைப் பற்றியது. அவற்றின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். வெளிப்புறம் போகப் போக வெளிச்சம் மங்கி, இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிடும். அந்த மங்கலில் இருக்கும் நட்சத்திரங்கள் எங்கே, எப்படிப் பிறந்தன என்பதுதான் கேள்வி. நான் பேச ஆரம்பித்ததும் அக்கா தலைமுடி காயவைக்கும் மெஷினை நிறுத்தினாள். ஊசிகளை வாயில் கவ்வியபடி, சத்தமில்லாமல் கொண்டை போட்டாள்.

நடுவில் அவள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை. அந்தப் போனில் அழைப்பை எடுத்தால் டேட்டா அறுந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அழைப்பை வெட்டினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் வெட்டினாள். எனக்குக் குற்ற உணர்ச்சி வர வேண்டிய இடத்தில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து, கறாரான பரீட்சகர் கேட்டார்: அந்த நட்சத்திரங்கள் இப்போது இருக்கிற இடத்திலேயே பிறந்திருக்கலாமே, நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

தலைக்குள் எல்லாம் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. கண்ணாடியில் மணப்பெண் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், வளையல் குலுங்க. அவ்வளவுதான், மடை திறந்தது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கனமான தனிமங்கள் குறைவு என்றேன். பெரிய மண்டலம் தன் நட்சத்திரங்கள் சமைத்த தனிமங்களைத் தன் ஈர்ப்பால் பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னதுக்கு அந்தப் பிடி கிடையாது, தப்ப விட்டுவிடும். ஆகவே இவை சின்ன மண்டலங்களில் பிறந்தவை. இரும்போடு ஒப்பிட்டால் மக்னீசியம் அதிகம். மக்னீசியம் சீக்கிரம் வெடித்துச் சாகும் பெரிய நட்சத்திரங்களிலிருந்து வருவது. இரும்பில் பெரும்பங்கு ஆறஅமரத்தான் வரும். அது சேருமுன்பே அங்கே நட்சத்திரப் பிறப்பு நின்றுவிட்டது. பிறகுதான் பெரிய மண்டலம் அந்தச் சின்னவற்றை இழுத்து, பிய்த்து, தன்னைச் சுற்றிப் பரப்பிக்கொண்டது.

சொல்லி முடிக்கவில்லை, படியில் தடதடவென்று சத்தம். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளையின் அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"பொண்ணு எங்க? போன வெட்டி வெட்டி விட்டா நாங்க என்னான்னு நெனைக்கிறது? ஓடிருச்சுன்னு தம்பி ஒக்காந்து அழுவுறான்!"

என் அக்கா பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள். ஆனால் காமிராவில் எல்லாம் தெரிந்துவிட்டது. பின்னால் இருப்பது யார் என்று பரீட்சகர் கேட்டார்.

"மணப்பெண், ஐயா. அவங்க டேட்டாவுலதான் பேசிக்கிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல முகூர்த்தம்."

திரையிலிருந்த எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்தக் கறார் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படியானால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். என்னைச் சற்று வெளியே அனுப்பி, மீண்டும் கூப்பிட்டு, சின்னச் சின்னத் திருத்தங்களோடு சித்தி, அதாவது பாஸ், என்று அறிவித்தார்கள்.

அக்கா போட்ட கூச்சலில் கீழே மளிகைக்கடையில் இருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். மணப்பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். பவுடரெல்லாம் என் தோளில்.

"பாஸாகிட்டீங்கல்ல? இப்பவாவது பொண்ணக் குடுங்க!" என்றார் மாப்பிள்ளையின் அக்கா. அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா அவளுடைய மற்றக் கண்ணுக்கும் மையை இழுத்து அனுப்பினாள். என்னையும் விடவில்லை. வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். வளைவுகளில் பூவும் பெண்ணும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். "அப்ப நடுவுல இருக்கறதுங்க எங்க பொறந்துச்சு டீச்சர்?" என்றாள் அவள்.

"அதுங்க பெரும்பாலும் அங்கயேதான். ஆரம்பத்துலயே, ஒரே வேகத்துல."

"புதுசா வர்றது உள்ள பூந்தா மோதிக்காதா?" என்றார் மாப்பிள்ளையின் அக்கா, தன்னை மறந்து.

"நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் அவ்வளவு எடம் இருக்குங்க. மோதறது அபூர்வம்."

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மேடையில் மாப்பிள்ளை சிவந்த கண்ணோடு ஏதோ கேட்பதும், அவள் அவர் காதோரம் குனிந்து கைகளால் வட்டம் போட்டு விளக்குவதும், அவர் வாயைப் பிளந்தபடி கூட்டத்தில் என்னைத் தேடுவதும் தெரிந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை மாலையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர், அந்தச் சின்னச் சின்னக் கூட்டமெல்லாம் இப்ப எங்க?"

"அதுங்க இல்லீங்க. கரைஞ்சு போச்சு. நட்சத்திரங்க மட்டும் மிச்சம்."

"நட்சத்திரங்க இருக்குல்ல, சரி" என்றார் பெரிய நிம்மதியோடு. பிறகு பந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "டீச்சருக்கு இன்னும் பாயாசம் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டோவுக்கு ஓடினார்.